அப்பாவோட ராலி சைக்கிள்: கொட்டர் பின்னுல மாட்டி பின் ரிம்முல முடிஞ்ச வேல

போன ஞாயித்துக்கெழம காலையில அப்பாவோட ராலி சைக்கிள் எங்க தேயிலைத் தோட்டத்துல இருந்து இலங்கை மலைநாட்டுல உள்ள தலவாக்கலை டவுனுக்கு எறங்கிப் போயி, தபால் கந்தோர் வாசல்ல கொஞ்ச நேரம் நின்னுட்டு, திரும்ப வீட்டுக்கும் வந்து சேந்திருச்சு. நாலு கட்டை, அதாவது நாலு மைல் தூரம். போகும்போது நான் அதுமேல ஒக்காந்து போனேன், வரும்போது முக்காவாசி தூரம் தள்ளிக்கிட்டுத்தான் வந்தேன், அதப் பத்தி பொறகு சொல்றேன். இந்த வேலைய ரெண்டு தடவ ஆரம்பிச்சேன், மொத தடவ 2022ல, அது நாசமாப் போச்சு. ரெண்டாவது தடவ நாலு மாசம் இழுத்துச்சு. வீட்டுல இப்புடி ஒரு பழைய சைக்கிள் வெறகுக் கொட்டில்ல கெடக்குறவங்களுக்கு ஒதவும்னு எழுதி வைக்கிறேன், முக்கியமா நான் கெடுத்த எடங்கள.

மொதல்லயே ஒண்ணு சொல்லிர்றேன், நான் டவுன்ல போன் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். எங்கிட்ட இருக்குற ஸ்க்ரூ ட்ரைவர்ல பெரியதே சுண்டுவிரல் நீளந்தான். சுத்தியல் புடிச்சு பழக்கமில்ல. இதுல பாதி தப்பு அதனால வந்தது.

சைக்கிள் கறுப்பு கலர், 24 இஞ்சி ஃப்ரேம், ராட் பிரேக், 28 ஒன்றரை வீல், முன்னால கொக்கு படம் போட்ட பித்தளைத் தகடு. நொட்டிங்ஹாம்ல செஞ்சது. தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா மாத்தலாகிப் போகும்போது அப்பா அவருகிட்ட இருந்து வாங்கினாரு, 1978ல. எவ்வளவுக்குன்னு அம்மாக்கு ஞாபகம் இல்ல, ஆனா ரெண்டு தீவாளி அட்வான்ஸ் அதுலயே போயிருச்சுன்னு மட்டும் இன்னைக்கும் சொல்லும். அப்பா தோட்டத்து தப்பால்காரரு. காலையில பிரட்டு (வேலைக்கு ஆள் பிரிக்கிறது) முடிஞ்சதும் ஆபீஸ்ல பைய வாங்கிக்கிட்டு டவுனுக்கு எறங்குவாரு, கடுதாசி, பேப்பர், தொரை பங்களாவுக்கு பாணு (பிரெட்டு), டிஸ்பென்சரிக்கு மருந்துப் பெட்டி, எல்லாத்தையும் கட்டிக்கிட்டு பதினொரு மணிக்கெல்லாம் மேல வந்திருவாரு. 1992ல தோட்டங்கள கம்பெனிகளுக்கு குடுத்த பொறகும் அந்த வேல அவருக்கே இருந்துச்சு. பென்சன் எடுத்த பொறகு சைக்கிள் கொட்டிலுக்குப் போச்சு, அப்பாவும் போய்ச் சேந்துட்டாரு, சைக்கிள் மேல வெறகு ஏறிருச்சு.

2022ல பெட்ரோல் இல்லாம நாடே கியூவுல நின்னப்போதான் அது ஞாபகம் வந்துச்சு. என் பைக் நாலு நாளா பெட்ரோல் செட் வரிசையில நிக்குது, பெட்ரோல அளந்து பங்கு குடுக்குற கியூஆர் கோட் எல்லாம் அப்ப இன்னும் வரல, டவுன்ல பழைய சைக்கிள் வெலையெல்லாம் எங்கயோ ஏறிருச்சு, நான் கொட்டில்ல ஒரு ராலிய வச்சுக்கிட்டு நடந்து போறேனேன்னு கோவம் வந்து ஒரு போயா (பௌர்ணமி) லீவு நாள்ல வெறகெல்லாம் எறக்கி வெளிய இழுத்தேன். கிராங்க் அசையவே இல்ல. கழட்டணும்னா கொட்டர் பின்ன எடுக்கணும். கிராங்குக்கும் நடு அச்சுக்கும் ஊடால குறுக்கால போற ஒம்பதரை மில்லிமீட்டர் ஆணிதான் கொட்டர் பின், ஒரு பக்கம் சரிவா அராவியிருக்கும், நட்டைப் போட்டு இறுக்கினா ஆப்பு மாதிரி புடிச்சுக்கும். யூடியூப்ல ஒருத்தர் ரெண்டே அடியில எடுத்தாரு. நான் நட்டக் கழட்டிட்டு வெறும் திரெட்டு மேலயே சுத்தியலால போட்டேன். நாலாவது அடியில அது காளான் மாதிரி விரிஞ்சு வளைஞ்சிருச்சு. அதோட அந்த வருசத்து வேல முடிஞ்சுச்சு. மூணு வாரத்துல கியூஆரும் வந்திருச்சு, பெட்ரோலும் கெடச்சுச்சு, சைக்கிள மறுபடி கொட்டில்ல சாத்திட்டேன்.

இந்த தடவ ஏன் ஆரம்பிச்சேன்னா, லயத்துக்கு (நாங்க இருக்குற லைன் வீட்டு வரிசைக்கு) பின்னால வீடு கட்ட எடம் சுத்தம் பண்ணினாங்க, கொட்டில ஒடைக்கணும். பழைய இரும்பு வாங்குறவரு வந்து சைக்கிளத் தூக்கிப் பாத்துட்டு கிலோக் கணக்குல ஒரு வெல சொன்னாரு. அம்மாவும் "குடுத்துரு"ன்னு சொல்லிருச்சு. அவரு தராசுக் கொக்கிய பார்ல மாட்டினப்போ எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு, வேணாங்கன்னுட்டேன். அம்மா ரெண்டு நாள் முணுமுணுத்துச்சு.

இஸ்தோப்புல (வீட்டு வராந்தாவுல) அம்மாவோட பழைய படங்குச் சாக்க விரிச்சு சைக்கிள தலகீழா நிறுத்தி ஒவ்வொண்ணாக் கழட்டினேன். ஒரு நல்ல காரியம் செஞ்சேன், கழட்டுறதுக்கு முந்தி போன்ல 80 படம் எடுத்தேன். ராட் பிரேக்குல மட்டும் எத்தனை கம்பி, எத்தனை சின்ன நட்டு, எது எந்தப் பக்கம்னு படம் இல்லாட்டி சத்தியமா மாட்டியிருக்க மாட்டேன். சாமானையெல்லாம் போன் பார்ட்ஸ் போடுற ப்ளாஸ்டிக் பெட்டியில அறை அறையாப் போட்டு பேர் எழுதி வச்சேன்.

துரு எடுக்குறது. பிரியாணி கட்டுற சில்வர் தாள கசக்கி தண்ணியில நனச்சு தேய்ச்சா குரோம் மேல உள்ள துரு அழகா வருது, காசே இல்லாத வேல, ஹேண்டில் பாதிக்கு மேல பழைய மினுக்கத்துக்கு வந்திருச்சு. சின்ன சாமான் எல்லாத்தையும் வினாகிரியில ஊறப் போட்டேன், 24 மணித்தியாலம் போதும், எடுத்து சோடாத் தூள் கரைச்ச தண்ணியில அலசி ஒடனே காய வச்சு எண்ணெய் தடவணும், இல்லாட்டி நம்ம ஊரு மூடுபனியில மறுநாள் காலையிலயே செம்பட்டையா மறுபடி துரு புடிச்சிருது. பெல்ல மட்டும் மறந்து ரெண்டு நாள் விட்டுட்டேன். மேல இருந்த நிக்கல் தோல் மாதிரி உரிஞ்சு வந்திருச்சு. சத்தம் வருது, பாக்கத்தான் சகிக்கல.

அடுத்து பெயின்ட். இங்கதான் நான் பெரிய மடத்தனம் பண்ணினது. நடு பார்ல, சீட்டுக்கு கொஞ்சம் முன்னால, எடது பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு பெயின்டே இல்ல, வெறும் இரும்பு வழுவழுன்னு பழுப்பு நெறத்துல இருந்துச்சு. துருன்னு நெனச்சு 120 நம்பர் எமரி பேப்பர் போட்டு அராவி, அப்புறம் 400 போட்டு, ப்ரைமர் அடிச்சு, கறுப்பு எனாமல் ரெண்டு கோட் பிரஷ்ஷால பூசிட்டேன். மொத்தமாப் பூசிட்டேன், மெல்லிசா அஞ்சு கோட் போட வேண்டியத தடிப்பா ரெண்டு கோட். பக்கத்துல தங்கக் கலர் கோடும் கொஞ்சம் அழிஞ்சு போச்சு. அந்த வழுவழுப்பு என்னன்னு அப்ப நான் யோசிக்கவே இல்ல. துரு சொரசொரப்பாத்தான் இருக்கும், வழுவழுன்னு இருக்காது. போன் போர்ட்ல ஒரு கறுப்புப் புள்ளி இருந்தாக்கூட மைக்ரோஸ்கோப்புல வச்சுப் பாக்குறவன் நான், இத சும்மா அராவித் தள்ளிட்டேன்.

வளைஞ்ச கொட்டர் பின்னுக்கு டவுன்ல பழைய சைக்கிள் கடை வச்சிருக்குற நானாகிட்ட (முஸ்லிம் அண்ணன்மார இங்க அப்புடித்தான் கூப்புடுவோம்) போனேன். எழுவது வயசு இருக்கும், இப்ப கடையில பாதி முச்சக்கரவண்டி சாமான்தான். பாத்ததும் "யாரு தம்பி இத அடிச்சது"ன்னு கேட்டாரு, நாந்தான்னு சொன்னேன். "கிராங்குக்கு அடியில முட்டுக் குடுத்தீங்களா?" இல்ல. அவரு ஒரு இஞ்சி ஜிஐ குழாய்த் துண்ட கிராங்குக்கும் சிமெந்துத் தரைக்கும் நடுவுல நேரா நிறுத்திக் காட்டினாரு, பின்னு அந்தக் குழாய் ஓட்டைக்குள்ள எறங்குற மாதிரி. முட்டு இருந்தா அடிக்கிற அடி எல்லாம் பின்னுலயே எறங்கும், இல்லாட்டி கிராங்க் துள்ளி அடி உள்ள இருக்குற போல்ஸ் (பேரிங் குண்டு) மேல போயிரும். மத்தப் பக்கத்துப் பின்ன அப்புடியே நட்டை மேல்விளிம்பு வரைக்கும் திருப்பி வச்சு ஒரே அடி, வந்திருச்சு. என்னோட காளான மட்டும் ட்ரில் போட்டுத்தான் எடுத்தாரு, 500 ரூபா. அடிக்கிறதுன்னா பயந்து பயந்து பத்து அடி அடிக்கக்கூடாது, பெரிய சுத்தியலால ஒரு அடி அடிக்கணும்னாரு. எங்கிட்ட இருந்தது ஆணி அடிக்கிற சுத்தியல்.

நடு அச்சக் கழட்டினா உள்ள கிரீஸ் கறுத்து மெழுகு மாதிரி கட்டியா இருக்கு. தேயிலை ஸ்டோர்ல (ஃபேக்டரியில) மெசினுக்குப் போடுற கிரீஸ், அப்பா அங்க யார்கிட்டயோ கேட்டு வாங்கிப் போட்டிருப்பாரு. போல்ஸ் ஓடுற எடது பக்கத்து கப்ல குழி விழுந்திருந்துச்சு. இங்க அடுத்த பிழை. ஹட்டன்ல ஒரு கடையில இந்தியன் கப் செட் 650 ரூபாய்க்கு எடுத்துட்டு வந்து திருப்பினேன், ஒண்ணேகால் சுத்து போயிட்டு இறுகிருச்சு. துரு இருக்கும்னு நெனச்சு ஸ்பானர்ல இன்னும் கொஞ்சம் குடுத்தேன். நல்ல காலம், கை வலிச்சதால நிப்பாட்டினேன். நானா சிரிச்சாரு: "ராலிக்கு திரெட் வேற தம்பி. இஞ்சிக்கு 26 சுத்து. மத்த சைக்கிளுக்கெல்லாம் 24. தெரியாம திருப்பினா ஃப்ரேமே போயிரும்." எழும்பிப் போயி ஒரு பழைய நெஸ்டமால்ட் டின்னக் கவுத்து கெளறி, பழைய ராலி கப் ஒண்ண எடுத்து சாரத்துல தொடச்சு குடுத்தாரு. காசு வாங்கல. புது கப்ப அவருகிட்டயே குடுத்துட்டு வந்துட்டேன், யாருக்காவது ஒதவும்.

வலது பக்கத்து கப்புக்கு திரெட் எதிர்ப்பக்கம் போகும், அத நான் கழட்டவே இல்ல. கம்புல துணி சுத்தி உள்ளயே தொடச்சு எடுத்தேன், நல்லா இருக்குறத ஏன் கிண்டுவான். போர்ட் கழுவுற அல்ட்ராசோனிக் மெசின் கடையில இருக்கு, அதுல தண்ணியும் பாத்திரம் கழுவுற சவுக்காரமும் போட்டு கப்பையும் கோனையும் பத்து நிமிசம் ஓட விட்டேன், தண்ணி பிளேன்டீ கலர்ல வந்திருச்சு. இதுல மண்ணெண்ணெய், பெட்ரோல் ஒண்ணும் ஊத்திராதீங்க, தீ புடிக்கும். போல்ஸ் எல்லாமே புதுசு போட்டேன்: நடு அச்சுக்கு கால் இஞ்சி பக்கத்துக்கு 11, பின் ஹப்புக்கு அதே கால் இஞ்சி பக்கத்துக்கு 9, முன் ஹப்புக்கு அத விடச் சின்னது, இஞ்சிய பதினாறாப் பிரிச்சா அதுல மூணு பங்கு, பக்கத்துக்கு 10. மொத்தம் 60 போல்ஸ், ஒண்ணு 15 ரூபா. பழைய போல்ஸோட புதுச கலக்காதீங்க, தேஞ்சது சின்னதா இருக்கும், பாரம் முழுக்க புதுசு மேல போயிரும்.

இந்த எடத்துல ஒரு ஆச்சரியம். செயின் கேஸத் தெறந்து செயினக் கழட்டி நேராப் போட்டு அளந்தேன். அரை இஞ்சி செயின், 24 கண்ணி சரியா 12 இஞ்சி வரணும், தேஞ்சிருந்தா ஒரு நூல் (இஞ்சிய எட்டாப் பிரிச்சா ஒரு பங்கு) வரைக்கும் கூட இழுபடும். இது அரை நூல் கூட இழுபடல. பெரிய பல்சக்கரத்துல 46 பல்லு, ஒண்ணு கூட கொக்கி மாதிரி சாயல, கடையில வச்ச மாதிரி இருக்கு. இருபத்தஞ்சு வருசம் தெனமும் ஓடின சைக்கிள்! வேற எதையோ மாத்திப் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன். ஆனா பிரேக்கப் பாத்தா நேர் எதிர். நெம்புகோல் பின்னு ஓட்டையெல்லாம் முட்டை மாதிரி நீண்டு போச்சு, பின் ரிம்முல பிரேக் கட்டை புடிக்கிற உள்பக்கத் தடத்துல குரோமே இல்ல, விரல் வச்சா வாய்க்கால் மாதிரி எறங்குது. வெர்னியர்ல அளந்தேன், பிரேக் படாத எடம் 1.1 மில்லிமீட்டர், படுற எடம் 0.7. பிரேக் ஷூவுக்குள்ள இருந்தது பிரேக் கட்டையே இல்ல, பழைய டயர கத்தியால சதுரமா வெட்டி திணிச்சிருக்காரு. ஒரு துண்டுல டயரோட பூ இன்னும் தெரியுது. கவ்வாத்துக் கத்தியால வெட்டியிருப்பாரு, விளிம்பு அவ்வளவு சுத்தம்.

செயினையும் ரிம்மையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டு இருந்தப்போ அம்மா தேத்தண்ணி கொண்டாந்துச்சு. பாருங்கம்மா, செயின் புதுசு மாதிரி இருக்கு, பிரேக் மட்டும் செத்துப் போச்சு, என்ன கதைன்னு கேட்டேன். அம்மாக்கு அது ஒரு கேள்வியாவே படல. "அந்த சைக்கிளு எங்கடா உங்கப்பாவ சொமந்துச்சு, அவருல்ல அத சொமந்தாரு. போறப்போ எறக்கம், பிரேக்கப் புடிச்சுக்கிட்டே போவாரு. வாறப்போ பூரா தள்ளிக்கிட்டுத்தானே வருவாரு. எங்க மிதிச்சாரு?"

கணக்குப் போட்டுப் பாத்தேன். முன்னால 46, பின்னால 18, கால் ஒரு சுத்து சுத்தினா சைக்கிள் அஞ்சரை மீட்டருக்கு மேல போகும். கியர் கெடையாது. வெறும் சைக்கிளே 20 கிலோ பக்கம், அதுல தப்பால் பை, பாணு, மருந்துப் பெட்டி. எங்க தோட்டத்து ரோட்டுல அத மிதிச்சு ஏத்த ஒருத்தனாலயும் முடியாது. அப்பதான் மத்ததெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சுச்சு. எடது கைப்பிடியில விரல் மேடு எல்லாம் தேஞ்சு மொழுமொழுன்னு இருக்கு, வலது கைப்பிடியில அச்சு அப்புடியே நிக்குது. தோல் சீட்டுல ஒக்கார்ற அகலமான எடம் வெடிச்சுக் கெடக்கு, மூக்கு மட்டும் கறுத்து மினுங்குது, அது ஒக்காந்த மினுக்கம் இல்ல, கை புடிச்ச மினுக்கம். எடது கை ஹேண்டில்ல, வலது கை சீட்டு மூக்குல, ஆள் சைக்கிளுக்கு எடது பக்கம். அப்ப இடுப்பு எங்க படும்? நான் அராவி கறுப்பு அடிச்ச எடத்துல.

அன்னைக்கு வேலய அதோட நிப்பாட்டிட்டேன். மறுநாள்ல இருந்து பெயின்ட் டின்ன தொடல. எடது கைப்பிடிக்கு மாத்த வாங்கி வச்சிருந்த புது ரப்பர் ஜோடி இன்னும் கவர்லயே இருக்கு. சீட்டுக்கு மட்டும் ஏதாவது செய்யணும், தோல் காஞ்சு போச்சுன்னு தேங்கெண்ணெய் தடவினேன், அதுவும் பிழை, இந்தக் குளிர்லயும் ஈரத்துலயும் ஒரு கெழமையில வெள்ளையா பூஞ்சணம் பூத்திருச்சு. ஈரத்துணியால தொடச்சு வெயில்ல வச்சு தேன்மெழுகு தேச்சேன், இப்ப பரவால்ல. மூக்குப் பக்கம் ஒண்ணுமே தடவல.

ஆனா ரிம் விசயத்துல பாசம் பாக்க முடியாது. 0.7 மில்லிமீட்டர் இரும்ப நம்பி இந்த எறக்கத்துல எறங்குறது சரியில்ல. முன் ரிம் நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன். பின்னுக்கு புது ரிம் 40 ஓட்டை, இந்தியன் ரிம்மே சரியாப் பொருந்துது, ஓட்டைக் கணக்கு முன்னுக்கு 32 பின்னுக்கு 40, அது ஒண்ணாவது மாறல. கம்பி கோக்குறத நானே செய்யலாம்னு ஒரு ராத்திரி ஒக்காந்தேன், மூணு தடவ கோத்தேன், மூணு தடவையும் வால்வ் ஓட்டைக்கு மேல ரெண்டு கம்பி குறுக்கால வந்து நிக்குது, காத்தடிக்க பம்ப் தலை உள்ள போகாது. நானாகிட்ட குடுத்தேன், முக்கா மணித்தியாலத்துல பேச்சுக் குடுத்துக்கிட்டே கோத்து முடிச்சாரு. கோட்டம் எடுக்குறத மட்டும் என்ன செய்யச் சொன்னாரு. ஃப்ரேம்ல ஒரு பேனாவ டேப் போட்டு ஒட்டி, வீலச் சுத்தவிட்டு, பேனா முட்டுற பக்கத்துக்கு எதிர்ப்பக்க நிப்பிள கால் திருப்பு, மறுபடி சுத்து. ஆரம்பத்துல 6 மில்லிமீட்டர் ஆட்டம், ரெண்டு மணித்தியாலத்துல ஒன்றரைக்கு வந்துச்சு. அதுக்கு மேல முயற்சி செஞ்சா கூடுது, விட்டுட்டேன். பழைய ரிம்ம கடைச் சொவத்துல மாட்டலாம்னு வச்சிருந்தேன், காலையில பாத்தா அம்மா அத ரெண்டு கம்புல கட்டி போஞ்சிப் பாத்தியில நட்டு வச்சிருக்கு. கொடியும் ஏறிருச்சு, இனி எங்க கழட்ட.

டயர் கதை சுருக்கமா. இணையத்துல 28 இஞ்சி டயர்னு போட்டிருந்துச்சு, ஆர்டர் பண்ணினேன், கூரியரோட ஜோடி 5,800. வந்தத மாட்டினா ரிம்முல ஏறவே இல்ல, நெம்பி நெம்பி நெகமே போச்சு. எல்லா 28ம் ஒரே 28 இல்ல. டயர் பக்கவாட்டுல சின்னதா இன்னொரு நம்பர் இருக்கும், நமக்கு வேண்டியது 635, எனக்கு வந்தது 622, விட்டத்துல 13 மில்லிமீட்டர் சின்னது. வித்தவரு திருப்பி எடுக்கல. கடைசியில 28 ஒன்றரைன்னு கேட்டு வாங்கினேன், ஒண்ணு 3,200, கையாலயே மாட்ட முடிஞ்சுச்சு.

பிரேக்குக்கு நாலு புது கட்டை. நடு அச்சுக்கு அடியில பின் பிரேக் கம்பி திரும்புற நெம்புகோல் இருக்கு, அதோட ஓட்டைதான் ரொம்ப மோசம். அத 8 மில்லிமீட்டருக்கு ட்ரில் பண்ணி, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்யிற கூட்டாளிகிட்ட செம்புக் குழாய்ல ஒரு துண்டு வாங்கி உள்ள இறுக்கி ஏத்தினேன், பழைய பின்னு ஆட்டமே இல்லாம ஒக்காந்திருச்சு. இந்த முழு வேலயில நான் பெருமப்படுற ஒரே எடம் இதுதான்.

மொத ஓட்டம் மூணு கெழமைக்கு முந்தி. லேசா தூறல். மாரியம்மன் கோயில் வளைவுக்கு வரும்போது எடது பிரேக்கப் புடிச்சேன், கை சும்மா உள்ள போயிருச்சு. கம்பிய புடிக்கிற சின்ன நட்டை, அளவு சரி பாத்துட்டு கடைசியா இறுக்க மறந்திருக்கேன். முன் பிரேக் மட்டும் இருக்கு, நனைஞ்ச குரோம் ரிம்முல ரப்பர் கட்டை சவுக்காரத்துல புடிச்ச மாதிரி வழுக்குது. என்ன செய்யிறதுன்னு யோசிக்கக்கூட நேரமில்ல, வலது பக்கம் பள்ளம், எடது பக்கம் கான் (மழைத்தண்ணி ஓடுற வாய்க்கால்), கானுல விட்டேன். முழங்கை தோல் போச்சு, மட்காட் வளைஞ்சுச்சு, பிள்ளைங்க ரெண்டு பேரு சிரிச்சாங்க. வீட்டுக்கு வந்து எல்லா நட்டுக்கும் ஸ்பிரிங் வாஷர் போட்டேன், இறுக்கின நட்டு ஒவ்வொண்ணுலயும் அம்மாவோட நெகப்பூச்சால ஒரு கோடு போட்டேன், அசைஞ்சா கோடு ஒடைஞ்சு காட்டிக் குடுத்துரும். ஈரத்துல பிரேக் புடிக்கிறதுக்கு மருந்து ஒண்ணுதான், முன்கூட்டியே லேசாப் புடிச்சு தண்ணியத் தொடச்சுக்கிட்டே எறங்கணும். அப்பா அதத்தான் செஞ்சிருக்காரு, அதனாலதான் ரிம் அப்புடித் தேஞ்சிருக்கு.

செலவு: டயர் ரெண்டு 6,400, டியூப் ரெண்டு 1,900, ரிம் 4,200, கம்பி 40க்கு 1,400, கோத்த கூலி 1,500, கொட்டர் பின் நாலு 600 (ரெண்டு ஸ்பெயார்), ட்ரில் 500, போல்ஸ் 900, பிரேக் கட்டை 480, பெயின்ட், எமரி, வினாகிரி, கிரீஸ் எல்லாம் சேத்து 3,100. இது 20,980. புத்தியில்லாம விட்ட காசு, பிழையான டயரும் கப்பும், 6,450. ஆக 27,430 ரூபா. அம்மாக்கு இருபதுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

அடுத்த தடவ செஞ்சா (நானா கடையில ஒரு பழைய ஹம்பர் சைக்கிள் மூலையில கெடக்கு, பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்) மொதல் நாள்லயே கொட்டர் பின்ன குழாய் முட்டுக் குடுத்து எடுப்பேன், கப்போ நட்டோ கையால மூணு சுத்து போகாட்டி அதோட விட்டுருவேன், டயர நம்பர் பாத்து வாங்குவேன். எமரி பேப்பர கடைசி வாரம் வரைக்கும் வெளியிலயே எடுக்க மாட்டேன். டைனமோ லைட் இன்னும் தொடல, அது ஒரு தனி வேல.

இனி அந்த ஞாயித்துக்கெழம. எறங்கும்போது ஒரு பிரச்சினையும் இல்ல, இருவது நிமிசத்துல டவுன். மாவு ரெண்டு கிலோ, தேங்கா மூணு, பாணு ஒண்ணு கேரியர்ல கட்டிக்கிட்டு திரும்பினேன். சமதரை முடிஞ்சு ஏத்தம் ஆரம்பிக்கிற எடத்துல முப்பது மிதி மிதிச்சிருப்பேன், நெஞ்சு அடைச்சிருச்சு, எறங்கிட்டேன். எடது பக்கமா எறங்கினேன், எல்லாரும் அப்புடித்தானே எறங்குவோம். எடது கை கைப்பிடியில. வலது கை எங்க வைக்கிறதுன்னு நான் நெனைக்கல, அது தானாப் போயி சீட்டு மூக்கப் புடிச்சுக்கிச்சு, தோல் அந்த எடத்துல உள்ளங்கைக்கு அளவா குழிஞ்சிருக்கு. வளைவுல சைக்கிள் பாரத்தோட பின்னுக்கு இழுக்கும்போது இடுப்பக் குடுத்துத்தான் தாங்கணும், இல்லாட்டி ஏறாது. கோயில் வளைவுல ரெண்டு தடவ நின்னேன். சின்னதுல அந்த பார்ல துண்டு மடிச்சுப் போட்டு என்ன ஒக்கார வச்சு இதே வளைவுல தள்ளிக்கிட்டு வந்திருக்காரு, எனக்கு அப்ப பெல் அடிக்கிறது மட்டுந்தான் வேல. ஒண்ணேகால் மணித்தியாலம் ஆச்சு வீட்டுக்கு வர.

இஸ்தோப்புல சைக்கிளச் சாத்திட்டு தேங்காய எறக்கும்போது அம்மா என் கால்சட்டையப் பாத்துட்டு சத்தம் போட்டுச்சு. வலது இடுப்புல ஒரு சாண் நீளத்துக்கு கறுப்பு எனாமல். தடிப்பா அடிச்சது, இந்த மூடுபனியில இன்னும் சரியாக் காயல. பார்ல அந்த எடத்துல இரும்பு கொஞ்சம் தெரியுது.